எலி நலமாக இருக்கிறது, மனிதருக்குக் காய்ச்சல்: விலங்குகளின் நோய்த்தடுப்பு ஏன் ஒன்றுபோல் இல்லை?

வடகிழக்குப் பருவமழை வலுத்து, வடசென்னையின் வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொடுங்கையூர், கொருக்குப்பேட்டைத் தெருக்களில் தண்ணீர் தேங்கும்போதெல்லாம் எலிக்காய்ச்சல் பற்றிய எச்சரிக்கை வருகிறது. கூடவே ஒரு கேள்வியும் எழுகிறது. இந்தத் தண்ணீரில்தான் பெருச்சாளி நீந்துகிறது. தெருநாய் இதையே நக்கிக் குடிக்கிறது. மாடு முழங்கால் அளவுத் தண்ணீரில் அப்படியே நிற்கிறது. அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லையே, மனிதருக்கு மட்டும் ஏன் காய்ச்சல்? பறவைக் காய்ச்சல் செய்தி வந்தால் கேள்வி வேறு உருவம் எடுக்கிறது: வாத்து நன்றாக இருக்கும்போது கோழி ஏன் கொத்துக் கொத்தாகச் சாகிறது? வௌவாலிடமிருந்து பரவும் நிபா வைரஸ் பற்றிய செய்தி வந்தால், வௌவால் மட்டும் எப்படிப் பிழைத்திருக்கிறது?

இந்தக் கேள்விகளுக்குள் ஓர் அனுமானம் இருக்கிறது. நலமாகத் தெரியும் விலங்கிடம் கிருமி இருக்காது, இருந்தாலும் அது பொல்லாத கிருமியாக இருக்காது என்பதுதான் அது. இந்த அனுமானம் தவறு. ஒரு விலங்கின் நலம் அந்த விலங்கைப் பற்றி மட்டுமே சொல்லும். அது நிற்கும் தண்ணீரைப் பற்றியோ, அதன் சிறுநீரில் வெளியேறும் கிருமியைப் பற்றியோ எதுவும் சொல்லாது. ஏன் என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

அடிப்படை: வேறுபாடு எங்கெல்லாம் தோன்றுகிறது?

கிருமி ஓர் உடலுக்குள் புகுந்து நோயாக மாற, பல கட்டங்களைத் தாண்டியாக வேண்டும். விலங்குக்கு விலங்கு வேறுபாடு முக்கியமாக நான்கு இடங்களில் வருகிறது.

1. நுழைவு. வைரஸ் ஓர் உயிரணுவுக்குள் போக, அந்த அணுவின் மேற்பரப்பில் உள்ள ஏதேனும் ஒரு புரதத்தைப் பற்றிக்கொள்ள வேண்டும். இந்தப் புரதத்தை ஏற்பி என்கிறார்கள். ஏற்பியின் வடிவம் இனத்துக்கு இனம் சற்று மாறும். வைரஸால் பற்ற முடியாத வடிவம் என்றால் தொற்று தொடங்குவதே இல்லை. உள்ளே வந்த கிருமி பெருக, உடலின் வெப்பமும் அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும்.

2. அடையாளம் காணல். உள்ளே வந்தது அந்நியப் பொருள் என்று உடல் உணர வேண்டும். இதற்கென்று உணர்விப் புரதங்கள் இருக்கின்றன. ஓர் இனத்திடம் இருக்கும் உணர்வி இன்னோர் இனத்திடம் இல்லாமல் போகலாம், அல்லது இருந்தும் அந்தக் கிருமியை உணராமல் இருக்கலாம்.

3. எதிர்வினையின் அளவு. கிருமியைக் கொன்று குறைப்பது ஒரு வழி. இதை எதிர்த்தல் எனலாம். கிருமி இருந்தாலும் அதனால் வரும் சேதத்தைக் குறைத்து வாழ்வது இன்னொரு வழி, இது தாங்குதல். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு விலங்குகளும் நலமாகத்தான் தெரியும். ஆனால் தாங்கும் விலங்கு கிருமியைச் சுமந்து பரப்பிக்கொண்டிருக்கும். இந்தக் கட்டுரையில் திரும்பத் திரும்ப வரப்போவது இந்த வேறுபாடுதான்.

4. பிறப்பும் வயதும். தாயிடமிருந்து குட்டிக்குப் பாதுகாப்பு எந்த வழியாக, எவ்வளவு நாளைக்கு வருகிறது என்பது ஒவ்வோர் இனத்திலும் வேறு.

நுழைவுக் கட்டத்துக்கு இரண்டு சான்றுகள் போதும். கோழிக்கு அடைப்பான் நோய், அதாவது ஆந்த்ராக்ஸ், எளிதில் வருவதில்லை. கோழியின் உடல் வெப்பம் 41 முதல் 42 டிகிரி செல்சியஸ் வரை இருப்பதுதான் காரணமோ என்று லூயி பாஸ்டர் சந்தேகித்தார். 1878-இல் கோழியைக் குளிர்ந்த நீரில் நிறுத்தி, உடல் வெப்பத்தைத் தணித்து, கிருமியைச் செலுத்தினார். கோழி நோயில் விழுந்து இறந்தது. நோய் தொற்றிய பிறகு தண்ணீரிலிருந்து எடுத்துச் சூடேற்றப்பட்ட கோழியோ பிழைத்துக்கொண்டது.

இன்னொன்று நம் காலத்தது. 2021 ஜூனில் வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவின் சிங்கங்களுக்குக் கொரோனா தொற்றியது. இரண்டு சிங்கங்கள் இறந்தன. பூனைக் குடும்பத்தின் ஏற்பிப் புரதம் அந்த வைரஸுக்கு ஓரளவு பொருந்துகிறது. ஆய்வகத்தில் கோழிக்கும் வாத்துக்கும் அதே வைரஸைக் கொடுத்துப் பார்த்தபோது தொற்று பிடிக்கவே இல்லை. அதற்காகக் கோழியின் எதிர்ப்பாற்றல் சிங்கத்தினுடையதைவிடப் பெரியது என்று சொல்லிவிட முடியாது. பறவைக் காய்ச்சலை உண்டாக்கும் இன்புளூயன்ஸா வைரஸ் வந்தால் அந்தக் கோழியின் நிலை என்ன என்பதைப் பின்னால் பார்ப்போம்.

காசிமேட்டு இறாலிடம் எதிர்ப்பொருள் இல்லை

நோய்த்தடுப்பு இரண்டு அடுக்குகளாக அமைந்திருக்கிறது. பிறக்கும்போதே இருப்பதும், எந்தக் கிருமி வந்தாலும் ஏறக்குறைய ஒரே மாதிரி விரைந்து செயல்படுவதும் இயல்பான தடைகாப்பு. தோல், சளி, கிருமியை விழுங்கும் அணுக்கள், கிருமியின் உறையைத் துளைக்கும் புரதங்கள் எல்லாம் இதில் அடங்கும். இரண்டாவது, பெறப்பட்ட தடைகாப்பு. குறிப்பிட்ட கிருமிக்கென்றே எதிர்ப்பொருளை, அதாவது ஆன்டிபாடியை உருவாக்கி, அந்தக் கிருமியை நினைவிலும் வைத்துக்கொள்வது. தடுப்பூசி சார்ந்திருப்பது இந்த நினைவைத்தான்.

இரண்டாவது அடுக்கு முதுகெலும்புள்ள உயிரினங்களிடம் மட்டுமே இருக்கிறது. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலை ஏலத்துக்கு வரும் இறால், நண்டு, கணவாய் மூன்றிடமும் எதிர்ப்பொருள் கிடையாது. உலக உயிரினங்களில் பெரும்பகுதி இப்படித்தான் வாழ்கிறது. அவை நம்மைவிடப் பழைமையான வழியைக் கொண்டே கோடிக்கணக்கான ஆண்டுகள் தாக்குப்பிடித்திருக்கின்றன. இந்த முதல் அடுக்கின் முக்கியமான பகுதியை இலியா மெச்னிகோவ் கண்டறிந்ததும் முதுகெலும்பில்லாத ஓர் உயிரிடம்தான். 1882-இல் இத்தாலியின் மெசினாவில், நட்சத்திர மீனின் கண்ணாடி போன்ற இளவுயிரிக்குள் ரோஜா முள்ளைக் குத்தி வைத்தார். மறுநாள் அணுக்கள் அந்த முள்ளைச் சூழ்ந்து நின்றன. 1908-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இறாலின் தற்காப்பை மீன் சந்தையிலேயே கண்ணால் பார்க்கலாம். ஐஸ் போதாமல் சில மணி நேரம் கிடந்த இறாலின் தலையும் ஓட்டின் ஓரங்களும் கறுத்துப்போகும். வாங்குபவர்கள் அதைப் பார்த்ததும் விலையைக் குறைத்துக் கேட்பார்கள். அந்தக் கறுப்பு மெலனின் என்னும் நிறமி. உயிருள்ள இறாலின் ஓட்டில் காயம் பட்டாலோ, பூஞ்சை புகுந்தாலோ, உடலில் உறங்கிக் கிடக்கும் ஒரு நொதி விழித்து, அந்த இடத்தில் மெலனினை உண்டாக்கி, வந்த கிருமியை அதற்குள் அடைத்துவிடும். உருவாகும்போது வெளிப்படும் வேதிப்பொருள்கள் கிருமிக்கு நஞ்சாகவும் அமையும். இறால் இறந்த பிறகும் அதே வகை நொதிகள் காற்றோடு சேர்ந்து வேலையைத் தொடர்வதால்தான் தலை கறுக்கிறது. ஐஸ் அந்த வேதிவினையின் வேகத்தைக் குறைக்கிறது.

இந்த ஏற்பாடு காயத்துக்கும் பூஞ்சைக்கும் நன்றாகப் பொருந்தும். வேகமாகப் பெருகும் வைரஸின் முன் தோற்றுவிடும். 1990-களின் நடுவில் இந்திய இறால் பண்ணைகளை வெண்புள்ளி நோய் தாக்கியபோது, குளத்தில் இருந்த இறால்கள் சில நாட்களுக்குள் மடிந்தன. அந்த வைரஸ் மனிதருக்குத் தொற்றாது. ஆனால் பண்ணை வைத்தவர்களைக் கடனில் தள்ளியது. மாட்டுக்கோ கோழிக்கோ போடுவதுபோல ஏன் தடுப்பூசி போடக்கூடாது என்று அப்போது பலர் கேட்டார்கள். எதிர்ப்பொருளை உருவாக்கும் அணுக்களே இறாலிடம் இல்லாதபோது, வழக்கமான தடுப்பூசி எதை நம்பி வேலை செய்யும்? ஒரு முறை தாக்கிய கிருமியின்மேல் இறாலுக்குச் சிறிது காலம் கூடுதல் விழிப்பு இருக்கலாம் என்று ஆய்வுகள் காட்டுவது உண்மை. பண்ணையைக் காக்க அது போதவில்லை. அதனால்தான் பாதுகாப்பு முழுவதையும் இறாலுக்கு வெளியே அமைக்க வேண்டியிருந்தது: வைரஸின் மரபுப்பொருளைத் தேடும் பிசிஆர் சோதனையில் தேறிய தாய் இறால், சுத்திகரித்த நீர், வைரஸைச் சுமந்து வரக்கூடிய நண்டு உள்ளே வராத வேலி. 2009-இல் வனாமி என்னும் வெளிநாட்டு இறால் இனம் இந்தியாவுக்கு அனுமதிக்கப்பட்டபோது, வெளிநாட்டிலிருந்து வரும் தாய் இறால்கள் முதலில் சென்னை நீலாங்கரையில் உள்ள தனிமைப்படுத்தும் நிலையத்தில் தங்க வேண்டும் என்று விதித்ததற்கும் இதுவே காரணம்.

தற்காப்புக்கு உணவும் உயிர்வாயுவும் செலவாகும் என்பதையும் சொல்ல வேண்டும். எண்ணூர் கழிமுகத்தின் சிப்பியும் நண்டும் அனல்மின் நிலையச் சாம்பலோடும் ஆலைக் கழிவோடும் வாழ்கின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு அங்கே எண்ணெய்ப் படலமும் பரவியது. கன உலோகங்கள் சிப்பியின் இரத்த அணுக்கள் கிருமியை விழுங்கும் திறனைக் குறைக்கும் என்பது பல நாட்டு ஆய்வுகளில் தெரிந்த ஒன்று. ஒரு கழிமுகம் மாசடைந்தால் அங்குள்ள உயிர்கள் நஞ்சால் மட்டும் சாவதில்லை. இயல்பான நாட்களில் எளிதாகச் சமாளித்திருக்கும் கிருமிகளாலும் சாகின்றன. இழப்பீட்டுக் கணக்கில் இந்தச் சாவு சேர்வதில்லை. மீனவர் குடும்பங்களின் வருமானம் மட்டும் குறைகிறது.

மீன் முதல் ஒட்டகம் வரை

எதிர்ப்பொருள் என்னும் கண்டுபிடிப்பு ஏறக்குறைய 50 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றியது. சுறாவிடம் அது இருக்கிறது. ஆனால் நம்முடையதைப் போல அல்ல. சுறாவின் ஒரு வகை எதிர்ப்பொருள் வழக்கத்தைவிட மிகச் சிறியது என்று 1995-இல் தெரியவந்தது. ஒட்டகத்திடமும் அதுபோல எளிய அமைப்புள்ள எதிர்ப்பொருள் உண்டு என்று பெல்ஜிய ஆய்வாளர்கள் 1993-லேயே அறிவித்திருந்தார்கள். சுறாவும் ஒட்டகமும் உறவுக்கார இனங்கள் அல்ல. தனித்தனியாக ஒரே தீர்வுக்கு வந்திருக்கின்றன. இந்தச் சிறிய எதிர்ப்பொருளின் மாதிரியில் செய்த மருந்துகள் இன்று மனிதருக்குப் பயன்படுகின்றன.

தாடையற்ற மீனான லாம்ப்ரே வேறு வகைப் புரதங்களைக் கொண்டே அதே வேலையைச் செய்துகொள்கிறது. அட்லாண்டிக் காட் மீனோ, எதிர்ப்பொருள் உருவாக்கத்துக்கு இன்றியமையாதது என்று பாடநூல்கள் சொல்லிவந்த ஒரு மரபணுத் தொகுதியையே இழந்துவிட்டது. அப்படியும் அது கடலில் செழித்து வாழ்ந்தது. 2011-இல் இது தெரிந்தபோது, எது இல்லாமல் உயிர் வாழ முடியாது என்ற பட்டியலையே திருத்த வேண்டியதாயிற்று.

கோழியும் வாத்தும்

கோழிக்குஞ்சின் எச்சத்துளைக்குச் சற்று மேலே, உட்புறமாக, சிறு பை ஒன்று இருக்கிறது. கோழி வளர்ந்து பருவமடைந்ததும் அது சுருங்கிவிடும். 16-ஆம் நூற்றாண்டின் இத்தாலிய உடற்கூற்றியலாளர் ஃபாப்ரிசியஸின் பெயரால் அதை ஃபாப்ரிசியஸின் பர்சா என்கிறார்கள். அதன் வேலை என்ன என்று நெடுங்காலம் யாருக்கும் தெரியவில்லை. 1950-களில் அமெரிக்காவின் ஒஹாயோவில் புரூஸ் கிளிக் என்ற ஆராய்ச்சி மாணவர் அந்தப் பையை அகற்றிய கோழிகளை வைத்திருந்தார். இன்னொரு மாணவர் எதிர்ப்பொருள் உருவாவதை வகுப்பில் செய்துகாட்ட அந்தக் கோழிகளை எடுத்துப் பயன்படுத்தினார். எதிர்ப்பொருள் உருவாகவே இல்லை. செய்துகாட்டல் தோற்றது, எதிர்ப்பொருளைத் தரும் அணுக்கள் எங்கே பயிற்சி பெறுகின்றன என்பது தெரிந்தது. 1956-இல் அந்த முடிவு கோழியியல் ஆய்விதழ் ஒன்றில் வெளியானது. மனித இரத்தப் பரிசோதனை அறிக்கையில் இன்று காணும் பி அணு என்ற பெயரில் உள்ள எழுத்து, இந்தப் பர்சாவின் முதலெழுத்து.

மனிதருக்கு இந்தப் பை கிடையாது; எலும்பு மஜ்ஜை அந்த வேலையைச் செய்கிறது. கோழிக்கு ஒரே இடத்தில் எல்லாம் அமைந்திருப்பது ஒரு பலவீனம்தான். கோழிக்குஞ்சுகளுக்கு வரும் கும்போரோ நோயின் வைரஸ் நேராக இந்தப் பையையே அழிக்கும். பிழைத்த குஞ்சுக்கும் அதன் பின் போடும் வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி சரியாக வேலை செய்யாது. தடுப்பூசி போட்டும் கோழி செத்துவிட்டது என்று வளர்ப்பவர்கள் சொல்லும்போது, ஊசி மருந்தையே பழிப்பதற்கு முன் இந்தச் சாத்தியத்தைப் பார்க்க வேண்டும்.

இனி வாத்து. இன்புளூயன்ஸா போன்ற வைரஸ்களின் மரபுப்பொருளை உணரும் ரிக்-1 என்ற உணர்வி வாத்திடம் இருக்கிறது, கோழியிடம் இல்லை. 2010-இல் வெளியான ஆய்வு இதைக் காட்டியது. வாத்தின் உடல் தொற்றைச் சீக்கிரமே உணர்ந்து, இண்டர்ஃபெரான் என்னும் எச்சரிக்கைப் புரதத்தைச் சுரந்துவிடுகிறது. கோழியிடம் வேறு உணர்விகள் இருந்தாலும் அந்த முதல் நேரம் கைநழுவிவிடுகிறது. வாத்து பிழைப்பதற்கு இது ஒன்றே காரணம் என்று சொல்வது மிகை. வாத்தையும் கொல்லும் பறவைக் காய்ச்சல் வைரஸ் வகைகள் உண்டு. எனினும் பல வகைகளில் வாத்து அறிகுறி ஏதுமின்றி வைரஸை எச்சத்தோடு நீர்நிலையில் விட்டுக்கொண்டிருக்கும். நோய்ப்பரவல் கண்ட இடத்தைச் சுற்றி நன்றாகத் தெரியும் வாத்துகளையும் அழிக்கிறார்களே என்ற வேதனை வளர்ப்பவர்களுக்கு இருக்கிறது. அது நியாயமான வேதனை. அழிப்பதற்கான காரணம் அந்தப் பறவையின் தோற்றத்தில் தெரியாது, அதன் எச்சத்தில் இருக்கிறது. அதனால்தான் இழப்பீடு உரிய நேரத்தில் கைக்கு வர வேண்டும் என்று வற்புறுத்த வேண்டியிருக்கிறது.

நாட்டுக்கோழிக்கு ஊசி வேண்டாம் என்ற நம்பிக்கை வடசென்னையின் மொட்டைமாடிகளிலும் உண்டு. சில நோய்களை நாட்டுக்கோழி நன்றாகத் தாங்கும். வெள்ளைக்கழிச்சல் அந்தப் பட்டியலில் இல்லை.

சீம்பால்: கன்றுக்கும் குழந்தைக்கும் உள்ள வேறுபாடு

மனிதத் தாயின் எதிர்ப்பொருள்கள் கருப்பத்தின் கடைசி மாதங்களில் நஞ்சுக்கொடி வழியாகவே குழந்தைக்குப் போய்ச்சேர்கின்றன. பசுவின் நஞ்சுக்கொடியில் தாயின் இரத்தத்துக்கும் கன்றின் இரத்தத்துக்கும் இடையே திசு அடுக்குகள் அதிகம். எதிர்ப்பொருள்கள் அதைத் தாண்டுவதில்லை. எனவே கன்று ஏறக்குறைய எதிர்ப்பொருளே இல்லாமல் பிறக்கிறது. அதற்கு வேண்டியது முழுவதும் சீம்பாலில் இருக்கிறது. கன்றின் குடல், பிறந்த சில மணி நேரத்துக்கு மட்டுமே அந்தப் பெரிய புரதங்களை உடையாமல் இரத்தத்துக்குள் விடும். 24 மணி நேரத்துக்குள் அந்த வழி அடைபட்டுவிடும். பிறகு எவ்வளவு சீம்பால் கொடுத்தாலும் அது கன்றுக்கு உணவுதான், காப்பு அன்று.

வடசென்னையில் இன்னும் பல சந்துகளில் மாடு கட்டியிருக்கிறார்கள். கன்று ஈன்ற வீட்டிலிருந்து அக்கம்பக்கத்துக்குச் சீம்பால் போவதும், வெல்லமும் ஏலக்காயும் சேர்த்து ஆவியில் வேகவைத்து உண்பதும் நெடுநாள் வழக்கம். வழக்கத்தில் தவறில்லை, வரிசையில்தான் கவனம் தேவை. கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு சீம்பால், முதல் சில மணி நேரத்துக்குள் அதன் வயிற்றுக்குப் போக வேண்டும். நஞ்சுக்கொடி விழும்வரை பால் கறக்கக்கூடாது என்று காத்திருப்பது கன்றுக்குச் செய்யும் பெரும் தீங்கு.

நாய்க்குட்டியும் பெருமளவு தாயின் முதல் பாலையே நம்பியிருக்கிறது. அங்கே வேறொரு சிக்கல் வருகிறது. தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் சில வாரங்களில் குறைந்துகொண்டே போகும். குட்டிகளைக் கடும் வயிற்றுப்போக்கால் கொல்லும் பார்வோ வைரஸைத் தடுக்கப் போதாத அளவுக்கு அது இறங்கிய பிறகும், தடுப்பூசியைச் செயலிழக்கச் செய்யும் அளவுக்கு இருந்துகொண்டிருக்கும். அந்த இடைவெளியில் குட்டிக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. எந்தக் குட்டிக்கு எந்த வாரத்தில் இது வரும் என்று சொல்ல முடியாததால், 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி 16 வாரம்வரை ஊசியைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்கிறார்கள். ஒரே ஊசியோடு நிறுத்திவிட்டு, போட்டும் பயனில்லை என்பவர்கள் பலர். பார்வோ நோய் 1978-இல் உலகம் முழுதும் திடீரென்று தோன்றியது. பூனைகளைத் தாக்கும் ஒரு வைரஸ், புரத உறையில் சில மாற்றங்கள் நேர்ந்து நாயின் ஏற்பியைப் பற்றக் கற்றுக்கொண்டதன் விளைவு அது.

ஒரே இனத்துக்குள்ளும், உறவு இனங்களுக்குள்ளும்

மாடுகளில் கோமாரி நோயும் தோல் கழலை நோயும் கலப்பினங்களைக் கடுமையாகத் தாக்குவதும், நாட்டு இனங்கள் பெரும்பாலும் லேசாகத் தப்புவதும் களத்தில் தெரிந்ததே. லேசாக வந்த மாட்டிடமிருந்தும் நோய் பரவும் என்பதை இங்கும் மறக்கக்கூடாது.

ஆட்டுக்கொல்லி நோய் இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு. இந்தியாவில் அது முதன்முதலாக 1987-இல் அன்றைய தென்னாற்காடு மாவட்டத்தின் அரசூரில் அடையாளம் காணப்பட்டது. வெள்ளாட்டையும் செம்மறியையும் கொல்லும் அந்த வைரஸ் மாட்டுக்குள்ளும் போகும். ஆனால் மாடு நோயுறாமல் எதிர்ப்பொருளை மட்டும் உருவாக்கிக்கொள்ளும். மாடுகளைக் கொன்றுகொண்டிருந்த வெக்கை நோயின் வைரஸ் இதற்கு நெருங்கிய உறவு. 2011-இல் உலகிலிருந்தே ஒழிக்கப்பட்ட நோய் அது.

வௌவால்: தாங்கி வாழ்வதன் உச்சம்

பறத்தல் பெரும் உழைப்பு. அந்த உழைப்பில் அணுக்கள் சிதைந்து, மரபுப்பொருளின் துணுக்குகள் இருக்கக்கூடாத இடத்தில் சிதறும். பொதுவாகப் பாலூட்டியின் உடல் அதை வைரஸ் என்று எண்ணி அழற்சியைத் தூண்டும். பறக்கும் ஒவ்வொரு நாளும் அப்படி நடந்தால் வௌவால் பிழைக்காது. அதன் அழற்சி உணர்விகள் மட்டுப்படுத்தப்பட்டிருப்பதை 2018, 2019 ஆண்டுகளில் வெளியான ஆய்வுகள் காட்டின. ஆஸ்திரேலியப் பழந்தின்னி வௌவால் ஒன்றில், தொற்று இல்லாத போதும் இண்டர்ஃபெரான் சுரந்துகொண்டே இருப்பது 2016-இல் தெரிந்தது. வைரஸ் கட்டுக்குள் இருக்கிறது, அழற்சியும் அடங்கியிருக்கிறது. நிபா வைரஸ் வௌவாலைக் கொல்லாமல் அதனுள் வாழ்வது இதனால்தான். அதே வைரஸ் மனிதருக்கு வரும்போது உடலின் சொந்த அழற்சியும் சேர்ந்து சேதம் செய்கிறது. 2018-இல் கோழிக்கோட்டில் நிபா பரவி மக்கள் இறந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

வௌவாலை விரட்டுவதோ மரத்தை வெட்டுவதோ இதற்கு மருந்தாகாது. இருப்பிடம் கலைந்து பட்டினியில் தவிக்கும் வௌவால்கள் வைரஸை அதிகமாக வெளியேற்றுவதுண்டு. கடித்த பழத்தைத் தவிர்ப்பதே எளிய வழி.

பெருச்சாளியின் சிறுநீரகம்

இப்போது முதல் கேள்விக்கு வரலாம். எலிக்காய்ச்சலை உண்டாக்கும் லெப்டோஸ்பைரா, திருகுபோல் சுருண்ட ஒரு நுண்ணுயிர். எலியின் உடலுக்குள் நுழைந்ததும் சில நாட்கள் இரத்தத்தில் இருக்கும். பிறகு எலியின் தடைகாப்பு அதை இரத்தத்திலிருந்து அகற்றிவிடும். சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் ஒட்டிக்கொண்டவை மட்டும் தப்பிவிடும். எலி நலமாக வாழும். மாதக்கணக்கில் அதன் சிறுநீரோடு கிருமி வெளியேறும்.

இந்தக் கிருமியின் உறைப்பொருளைச் சுண்டெலியின் டி.எல்.ஆர்-4 என்ற உணர்வி அடையாளம் காண்கிறது. மனிதரின் அதே பெயருள்ள உணர்வி காண்பதில்லை. 2005-இல் தெரியவந்த உண்மை இது. நம் உடல் விழித்துக்கொள்வதற்குள் கிருமி பெருகி, ஈரலையும் சிறுநீரகத்தையும் நுரையீரலையும் அடைந்துவிட முடியும். எலி போன்ற கொறிக்கும் விலங்குகள் எல்லாமே தப்பிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். ஆய்வகங்களில் வளர்க்கும் ஹாம்ஸ்டர் அதே கொறிக்கும் வகைதான். சில நாட்களில் இறந்துவிடும்.

நாயின் நிலை இரண்டுக்கும் நடுவே. சில நாய்கள் மஞ்சள் காமாலை கண்டு இறக்கும்; சில நாய்கள் அறிகுறியின்றிச் சிறுநீரில் கிருமியை விடும். மாடு நன்றாகவே தெரியும். ஆனால் கரு கலையும், பால் குறையும். ஆகவே தேங்கிய தண்ணீரில் நலமாக நிற்கும் எலி, நாய், மாடு மூன்றும் அந்தத் தண்ணீர் நல்லது என்பதற்குச் சாட்சி அல்ல. அந்தக் கிருமி அங்கே வந்து சேர்வதே அவற்றின் வழியாகத்தான்.

ரேபிஸ்: வேறுபாடு உதவாத இடம்

பாலூட்டிகள் அனைத்துக்கும் ரேபிஸ் வரும். அறிகுறி தோன்றிய பின் ஏறக்குறைய எல்லாமே இறக்கும். வைரஸ் இரத்தத்தில் சுற்றாமல் நரம்புக்குள்ளேயே ஊர்ந்து மூளைக்குப் போவதால், எந்த இனத்தின் தடைகாப்பும் அதை உரிய நேரத்தில் காண்பதில்லை. அந்த மெதுவான பயணமே நமக்குக் கிடைக்கும் அவகாசமும்கூட: கடிபட்ட பிறகும் தடுப்பூசி பலன் தருவது அதனால்தான். அறிகுறி தெரிவதற்குச் சில நாட்களுக்கு முன்பே நாயின் எச்சிலில் வைரஸ் வந்துவிடும். கடித்த நாய் நன்றாகத்தானே இருக்கிறது என்று ஊசியைத் தள்ளிப்போடுவது உயிரோடு விளையாடுவது. கடித்த நாயை 10 நாள் கண்காணிப்பது ஊசியைத் தொடங்கிய பிறகு செய்ய வேண்டியது.

நடைமுறையில் செய்ய வேண்டியவை

1. தேங்கிய நீரில் இறங்கியே தீர வேண்டியவர்கள், முதலில் தூய்மைப் பணியாளர்கள், கால் முழுதும் மூடும் காலணி இல்லாமல் இறங்கக்கூடாது. அதைக் கொடுப்பது வேலை வாங்குபவரின் கடமை. காலில் சிறு வெடிப்பு இருந்தாலும் கிருமிக்கு அது போதும்.

2. தண்ணீரில் நீண்ட நேரம் நிற்க நேர்பவர்களுக்கு முன்தடுப்பு மாத்திரை உண்டு. மருத்துவரோ மாநகராட்சி நலவாழ்வு மையமோ சொல்லும் அளவில் மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

3. வளர்ப்பு நாய்க்கு ரேபிஸ் ஊசியோடு லெப்டோஸ்பைரா ஊசியும் போடுவது அந்த வீட்டுக் குழந்தைகளுக்கும் பாதுகாப்பு. தெருநாய்களில் 70 விழுக்காட்டுக்கு ரேபிஸ் ஊசி போய்ச்சேர்ந்தால் பரவல் சங்கிலி அறுபடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். ஊசி போட வரும் குழுவுக்கு நாயைக் காட்டிக்கொடுப்பது தெருக்காரர்கள் செய்யக்கூடிய உதவி.

4. எலியை ஒழிக்க விஷம் வைப்பதைவிடக் குப்பையை மூடிவைப்பது நீடித்த பலன் தரும். உணவு குறைந்தால் எலிகளின் பெருக்கமும் குறையும்.

5. வெள்ளத்தில் நடந்த சில நாட்களிலிருந்து ஒரு மாதத்துக்குள் கடும் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, சிறுநீர் குறைதல் ஆகியவற்றில் எது வந்தாலும் ஸ்டான்லி மருத்துவமனைக்கோ அருகிலுள்ள மருத்துவரிடமோ தாமதமின்றிப் போக வேண்டும். டெங்கு, மலேரியா, எலிக்காய்ச்சல் மூன்றும் முதல் நாட்களில் ஒன்றுபோலவே தெரியும். எனவே மருத்துவர் கேட்காவிட்டாலும், எந்தத் தெருவில், எந்தத் தேதியில் தண்ணீரில் நடந்தீர்கள் என்பதை நீங்களே சொல்லிவிடுங்கள். எந்தச் சோதனையை முதலில் எடுப்பது, எந்த மருந்தை உடனே தொடங்குவது என்பதை அவர் அதை வைத்துத்தான் முடிவு செய்வார்.